ஊருக்கு ஓர் ஆங்கிலம்: பேச்சுவழக்கு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலைக்கோ படிப்புக்கோ வெளிநாடு போனவர்கள், போகக் காத்திருப்பவர்கள், இங்கிருந்தபடியே வெளிநாட்டு வாடிக்கையாளர்களோடு தினமும் பேசுகிறவர்கள் என்று பலரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். ஆங்கிலச் சொற்களை அவை காதில் விழும் விதத்திலேயே தமிழில் எழுதியிருக்கிறேன். இந்தச் சொற்களை நாம் முதலில் சந்திப்பது காதால்தான்.

பள்ளி, கல்லூரி எல்லாம் ஆங்கில வழியில்தான் படித்தேன். இங்கிலாந்து வந்தபிறகு பக்கத்து மேசைக்காரர் பேசுவது பாதி புரியவில்லை. என் ஆங்கிலம் அவ்வளவு மோசமா?

இல்லை. நீங்கள் படித்தது பாடப்புத்தகத்திலும் தேர்வுத்தாளிலும் அலுவலகக் கடிதத்திலும் இருக்கிற ஆங்கிலம். அவர் பேசுவது வீட்டிலும் தெருவிலும் வளர்ந்த ஆங்கிலம். தமிழை இலக்கணப் புத்தகத்திலேயே கற்ற ஒருவர் சென்னைக்கு வந்து 'சும்மா சீன் போடாத மச்சி' என்பதைக் கேட்டால் திகைக்கத்தானே செய்வார்?

பிரிட்டனில் முதல் வாரத்திலேயே காதில் விழுகிறவை சில உண்டு. காலையில் எதிரே வருகிறவர் 'யூ ஆல்ரைட்?' என்பார். முகம் வாடியிருக்கிறதோ, அதனால் கேட்கிறாரோ என்று நம்மவர்கள் நின்று விளக்கம் சொல்லத் தொடங்குவார்கள். அது வெறும் வணக்கம். 'ஆல்ரைட், யூ?' என்று நடந்தபடியே சொல்லிவிட்டுப் போகலாம். 'சியர்ஸ்' என்பது கோப்பையை உயர்த்தும்போது மட்டும் சொல்வதில்லை. கதவைப் பிடித்துக்கொண்டவருக்கு நன்றியும் அதுதான், தொலைபேசியை வைக்கும்போது விடைபெறுவதும் அதுதான். 'டா' என்றாலும் நன்றி. 'க்விட்' என்றால் பவுண்டு. எத்தனை பவுண்டானாலும் 'டென் க்விட்'தான், கடைசியில் 'ஸ்' சேராது. 'ஹாஃப் செவன்' என்றால் ஏழரை மணி. 'நாக்கர்ட்' என்றால் களைத்துப் போனது, 'பெக்கிஷ்' என்றால் லேசான பசி, 'டாட்ஜி' என்றால் நம்ப முடியாதது அல்லது சரியில்லாதது. வட இங்கிலாந்தில் 'டீ'க்கு வீட்டுக்கு வரச் சொன்னால் பெரும்பாலும் மாலைச் சாப்பாட்டுக்குத்தான் அழைக்கிறார்கள். பிஸ்கட்டை எதிர்பார்த்து வயிற்றை நிரப்பிக்கொண்டு போகாதீர்கள்.

'பக்கா' என்ற சொல்லையும் அங்கே கேட்கலாம். இந்தியாவிலிருந்து போய் பிரிட்டிஷ் பேச்சில் தங்கிவிட்ட சொல் அது. முதல்தரமானது என்ற பொருளில் நாம் சொல்வது போலவே சொல்கிறார்கள்.

என் பிரிட்டிஷ் மேலாளர் என் அறிக்கையைப் படித்துவிட்டு 'நாட் பேட்' என்றார். பாராட்டினாரா, குறை சொன்னாரா?

பாராட்டினார். குரலில் லேசான ஏற்றம் இருந்திருந்தால் நன்றாகவே பாராட்டினார். உள்ளதைக் குறைத்துச் சொல்வதை அங்கே பண்பாகக் கருதுகிறார்கள். அதனால் 'எ பிட் ஆஃப் எ ப்ராப்ளம்' என்று வந்தால் பிரச்சினை பெரியது. 'வித் ரெஸ்பெக்ட்' என்று தொடங்கினால் அடுத்து வருவது மறுப்பு. 'க்வைட் குட்' இன்னும் நுட்பமானது. பிரிட்டிஷ்காரர் வாயில் அது 'பரவாயில்லை', அமெரிக்கர் வாயில் 'ரொம்ப நன்று'.

இப்படிக் குறைத்துச் சொல்வதால் நேர்ந்த துயரம் ஒன்று போர் வரலாற்றிலேயே பதிவாகியிருக்கிறது. 1951 ஏப்ரலில், கொரியப் போரில், இம்ஜின் ஆற்றங்கரையில் பிரிட்டனின் க்ளாஸ்டர்ஷயர் படைப்பிரிவின் பட்டாலியன் ஒன்றைச் சீனப் படை சூழ்ந்துகொண்டது. நிலைமை என்ன என்று கேட்ட அமெரிக்கத் தளபதியிடம் பிரிட்டிஷ் பிரிகேடியர் டாம் ப்ரோடி 'திங்ஸ் ஆர் எ பிட் ஸ்டிக்கி, சார்' என்றார். நிலைமை கைமீறிக்கொண்டிருக்கிறது என்பதைத்தான் அவர் அப்படிச் சொன்னார். கொஞ்சம் சிரமம்தான், தாங்கிக்கொள்வார்கள் என்று அமெரிக்கர் புரிந்துகொண்டார். பட்டாலியனில் பெரும்பாலோர் கடைசியில் சிறைப்பட்டார்கள். இரண்டு பக்கமும் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள்.

சர்ச்சில் இரண்டாம் உலகப்போர் நினைவுகளில் இன்னொன்றைச் சொல்கிறார். ஓர் ஆவணத்தை உடனே விவாதிக்க வேண்டும் என்று பிரிட்டிஷ் அதிகாரிகள் விரும்பி, அதை 'டேபிள்' செய்யலாம் என்றார்கள். அமெரிக்க வழக்கில் அந்தச் சொல்லுக்கு ஒத்திப்போடுவது என்று பொருள். இரு தரப்பும் ஒரே விருப்பத்தோடு நெடுநேரம் மோதிக்கொண்டன. அமெரிக்க, பிரிட்டிஷ் குழுக்கள் இரண்டோடும் வேலை செய்கிறவர்கள் இந்தச் சொல் வந்தால் என்ன பொருளில் சொல்கிறார்கள் என்று கேட்டுவிடுங்கள்.

செவிலியர் வேலைக்குப் பிரிட்டனோ அயர்லாந்தோ போகிறேன். மருத்துவச் சொற்கள் எல்லாம் தெரியும். பேச்சுவழக்கும் வேண்டுமா?

மற்ற எல்லாரையும் விட உங்களுக்குத்தான் வேண்டும். மருத்துவர் பேசுவது உங்களுக்குப் புரிந்துவிடும், அது நீங்கள் படித்த சொற்கள்தான். நோயாளி அப்படிப் பேசமாட்டார். எண்பது வயதுப் பாட்டி தன் உடம்பைப் பற்றிச் சொல்லும்போது சின்ன வயதிலிருந்து வாயில் இருக்கிற சொற்களில்தான் சொல்வார், வலியும் வெட்கமும் சேர்ந்தால் இன்னும் சுற்றிவளைத்துச் சொல்வார்.

முதலில் 'சிக்'. 'ஐ வாஸ் சிக் லாஸ்ட் நைட்' என்று பிரிட்டிஷ் நோயாளி சொன்னால் பெரும்பாலும் வாந்தி எடுத்தேன் என்று பொருள். உடம்பு சரியில்லை என்று பொதுவாகக் குறித்துக்கொண்டால் முக்கியமான அறிகுறி ஒன்று பதிவேட்டிலிருந்து விடுபட்டுப் போகும். உடம்பு சரியில்லை என்பதற்கு அவர்கள் சொல்வது 'புவர்லி', 'ரஃப்', 'அண்டர் த வெதர்'. 'ஐ ஃபீல் ஃபன்னி' என்றால் சிரிப்பு வருகிறது என்பதில்லை. தலைசுற்றலோ மயக்கமோ, ஏதோ சரியில்லை என்கிறார். உடனே பக்கத்தில் போய்ப் பாருங்கள். 'வாட்டர்வொர்க்ஸ்' என்றால் சிறுநீர் சம்பந்தப்பட்டது, 'பேக் பேசேஜ்' என்றால் ஆசனவாய், 'த ரன்ஸ்', 'த ட்ராட்ஸ்' இரண்டும் வயிற்றுப்போக்கு. வயதானவர் 'ஐ நீட் டு ஸ்பெண்ட் எ பென்னி' என்றால் கழிப்பறைக்குப் போக வேண்டும். பொதுக் கழிப்பறைக் கதவில் ஒரு பென்னி நாணயம் போட்டுத் திறந்த காலத்தின் தொடர் அது. 'பின்ஸ் அண்ட் நீடில்ஸ்' என்றால் மரத்துப்போய் ஊசி குத்துவது போன்ற உணர்வு. 'ஜேப்' ஊசி, 'பார்ச்ட்' கடுந்தாகம்.

அயர்லாந்தில் 'கிராண்ட்' என்ற சொல்லை எச்சரிக்கையோடு கேளுங்கள். 'ஐம் கிராண்ட்' என்றால் 'நன்றாக இருக்கிறேன், தொந்தரவு வேண்டாம்'. பல்லைக் கடித்து வலியைப் பொறுத்துக்கொண்டிருக்கிறவரும் அதையே சொல்வார். அதனால் அதோடு விடாமல் பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் வலி எவ்வளவு என்று கேளுங்கள். 'ஐம் ஆஃப்டர் ஃபாலிங்' என்றால் இப்போதுதான் விழுந்தேன். ஐரிஷ் மொழியின் வாக்கிய அமைப்பு ஆங்கிலத்துக்குள் வந்து உட்கார்ந்த இடம் அது. விழுவதற்குப் பார்க்கிறேன் என்று எடுத்துக்கொண்டால் ஆபத்து. 'ஐம் இன் பிட்ஸ்' என்றால் உடம்போ மனமோ நொறுங்கிக் கிடக்கிறது. 'கிவிங் அவுட்' என்றால் திட்டுவது. 'ப்ரெஸ்' என்றால் அலமாரி, போர்வையை ஹாட் ப்ரெஸ்ஸிலிருந்து எடுத்துவரச் சொன்னால் கொதிநீர்த் தொட்டி இருக்கிற அலமாரியைத் தேடுங்கள். 'வாட்ஸ் த க்ராக்?' என்று யாராவது கேட்டால் மிரள வேண்டாம். என்ன விசேஷம் என்று கேட்கிறார்கள். அங்கே 'க்ராக்' என்பது கூடிப் பேசிச் சிரிக்கும் மகிழ்ச்சி.

ஸ்காட்லாந்து போகிறவர்களுக்கு இன்னும் சில. 'பீலி வாலி' என்றால் வெளிறிப்போய் நோய்வாய்ப்பட்ட தோற்றம், 'வாபிட்' என்றால் சோர்வு, 'ஆக்ஸ்டர்' என்றால் அக்குள், 'வீ' என்றால் சின்ன. 'வேர் டூ யூ ஸ்டே?' என்று கேட்டால் எந்த ஹோட்டலில் என்று கேட்கவில்லை, வீடு எங்கே என்கிறார்கள். நம் ஊர் ஆங்கிலத்திலும் அப்படித்தானே கேட்கிறோம்.

வேலைக்குச் சேர்ந்ததும் வார்டில் நீண்ட நாள் இருக்கிற உதவியாளர் யாரையாவது நட்பாக்கிக்கொள்ளுங்கள். அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவராக இருந்தால் இன்னும் நல்லது. எந்தப் புத்தகத்தையும் விட அவர் அதிகம் சொல்லித்தருவார்.

ஐஈஎல்டிஎஸ் தேர்வில் மரபுத்தொடர்கள் சொன்னால் மதிப்பெண் கூடும் என்கிறார்கள். ஒரு பட்டியலை மனப்பாடம் செய்யலாமா?

வேண்டாம். பேச்சுத் தேர்வில் 7-ஆம் நிலைக்கான விளக்கத்தில் மரபு வழக்கு பற்றிய குறிப்பு இருப்பது உண்மைதான். அது இயல்பான சொல்லாட்சியைக் குறிக்கிறது. பயிற்சி மையங்கள் அதைப் பிடித்துக்கொண்டு 'பீஸ் ஆஃப் கேக்', 'ஒன்ஸ் இன் எ ப்ளூ மூன்' என்று அச்சிட்ட தாளைக் கையில் கொடுத்துவிடுகின்றன. எல்லா மாணவரும் அதே தொடர்களைச் சொன்னால் தேர்வாளருக்குத் தெரியாமல் இருக்குமா?

மழைக்கு 'ரெய்னிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்' என்று எல்லாப் பள்ளியிலும் சொல்லித்தருகிறார்கள். பிரிட்டனில் மழை கொட்டும்போது ஜன்னலோரம் நின்று கேளுங்கள். 'சக்கிங் இட் டவுன்', 'போரிங்' (கொட்டுகிறது) என்பவைதான் காதில் விழும்.

அமெரிக்க வாடிக்கையாளரோடு தினமும் அழைப்பு. 'பால்பார்க்', 'டச் பேஸ்' என்கிறார்கள். இதெல்லாம் எங்கிருந்து வருகிறது?

பேஸ்பாலிலிருந்து. அந்த ஆட்டத்தை ஒருமுறை உட்கார்ந்து பார்த்துவிட்டால் அமெரிக்க அலுவலகப் பேச்சில் பாதி தெளிந்துவிடும். 'பால்பார்க் ஃபிகர்' என்றால் உத்தேசக் கணக்கு. 'டச் பேஸ்' என்றால் சுருக்கமாகப் பேசிக்கொள்வது. 'கர்வ்பால்' எதிர்பாராத சிக்கல். 'அவுட் ஆஃப் லெஃப்ட் ஃபீல்ட்' என்றால் சம்பந்தமே இல்லாமல் வந்து விழுந்தது. 'ஸ்டெப் அப் டு த ப்ளேட்' என்றால் பொறுப்பை ஏற்று முன்வருவது. 'ரெய்ன் செக்' மழையால் ஆட்டம் நின்றபோது வேறொரு நாள் வந்து பார்க்கத் தந்த சீட்டு. இப்போது ஓர் அழைப்பை 'இன்று முடியாது, இன்னொரு நாள்' என்று மரியாதையாகத் தள்ளிவைக்க அதைச் சொல்கிறார்கள். அமெரிக்கக் கால்பந்திலிருந்து வந்தது 'மண்டே மார்னிங் க்வார்ட்டர்பேக்'. ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் முடிந்தபின் திங்கள் காலையில் எப்படி ஆடியிருக்க வேண்டும் என்று சொல்கிறவர்.

விளையாட்டோடு சம்பந்தமில்லாத ஒன்றையும் சேர்த்துச் சொல்கிறேன். 'லெட்ஸ் டேக் இட் ஆஃப்லைன்' என்றால் இணையத்தைத் துண்டிப்பது என்று பொருளில்லை. இத்தனை பேர் நடுவில் வேண்டாம், தனியே பேசுவோம் என்கிறார்கள்.

பிரிட்டனும் ஆஸ்திரேலியாவும் இதே வேலைக்குக் கிரிக்கெட்டைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. அது நமக்குச் சொந்த வீடு. 'ஆன் த பேக் ஃபுட்' தற்காப்பு நிலை, 'ஆஃப் ஹிஸ் ஓன் பேட்' யாரும் சொல்லாமல் தானாகச் செய்தது. ஆடுகளத்தை மூடாத காலத்தில், மழையில் நனைந்து வெயிலில் காயும் பிட்ச்சில் பந்து தாறுமாறாக எழும்பும். அந்த 'ஸ்டிக்கி விக்கெட்' இக்கட்டுக்குப் பெயராகிவிட்டது. 'நாக்ட் ஃபார் சிக்ஸ்' என்பதில் மட்டும் கவனம். ஆறு ஓட்டம் என்றதும் நமக்கு மகிழ்ச்சி பொங்கும். இந்தத் தொடரில் நீங்கள் அடிபடும் பந்து. பெரிய அதிர்ச்சி என்று பொருள். நீண்ட நாள் வாழ்ந்து மறைந்தவரைப் பற்றி 'ஹி ஹேட் எ குட் இன்னிங்ஸ்' என்பார்கள். நாம் கல்யாணச் சாவு என்று சொல்கிற இடத்தில் அவர்கள் அன்போடு சொல்வது அது.

ஆஸ்திரேலியாவில் எந்தச் சொல்லும் முழுசாக வருவதில்லையே?

சொல்லை வெட்டி வாலில் ஒரு 'ஓ' அல்லது 'ஈ' ஒட்டுவது அவர்கள் பழக்கம். மதியம் 'ஆர்வோ', பெட்ரோல் பங்க் 'சர்வோ', ஆம்புலன்ஸ்காரர் 'ஆம்போ', மதுக்கடை 'பாட்டில்ஓ'. காலை உணவு 'ப்ரெக்கி', கொசு 'மாஸ்ஸி', கொத்தனார், பிளம்பர், எலக்ட்ரீஷியன் எல்லாரும் 'ட்ரேடி'. இந்த வால்தான் 'செல்ஃபி'யிலும் இருக்கிறது. அந்தச் சொல்லின் இதுவரை கிடைத்த முதல் பதிவு 2002-இல் ஆஸ்திரேலிய இணைய அரங்கு ஒன்றில் எழுதப்பட்டது. 2013-இல் ஆக்ஸ்ஃபோர்டு அதை ஆண்டின் சொல்லாக அறிவித்தது.

விருந்துக்கு அழைத்து 'ப்ரிங் எ ப்ளேட்' என்றால் தட்டில் ஏதாவது சமைத்து எடுத்து வரச் சொல்கிறார்கள். வெறும் தட்டோடு போய் நின்ற குடியேறிகளின் கதை அங்கே தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்படுகிறது. 'மை ஷவுட்' என்றால் இந்தமுறை செலவு என்னுடையது, அடுத்தமுறை உங்களுடையது என்பது சொல்லாமல் சொன்னது. 'யே, நா' என்றால் இல்லை, 'நா, யே' என்றால் ஆமாம். கடைசியில் வருவதைப் பிடித்துக்கொள்ளுங்கள். உடம்பு சரியில்லை என்பதற்கு 'க்ரூக்'.

நியூசிலாந்தில் 'ஸ்வீட் ஆஸ்' என்றால் பிரமாதம், தெருமுனைக் கடை 'டெய்ரி', ரப்பர் செருப்பு 'ஜேண்டல்ஸ்'.

ஒரே சொல், ஓர் ஊரில் சாதாரணம், இன்னோர் ஊரில் அசிங்கம் என்கிறார்களே. எவற்றில் உஷாராக இருக்க வேண்டும்?

பள்ளியிலிருந்து நாம் கொண்டுபோகிற 'ரப்பர்'தான் முதலில். அழிப்பானைப் பிரிட்டனில் அப்படிச் சொல்லலாம், அமெரிக்காவில் அது ஆணுறை. அங்கே 'இரேசர்' என்று கேளுங்கள். 'பேண்ட்ஸ்' அமெரிக்காவில் கால்சட்டை, பிரிட்டனில் உள்ளாடை. 'உன் பேண்ட்ஸ் அழகாக இருக்கிறது' என்று பிரிட்டிஷ் சகஊழியரிடம் சொல்லிவிடாதீர்கள். 'தாங்ஸ்' ஆஸ்திரேலியாவில் காலில் போடுவது, மற்ற ஊர்களில் உள்ளே போடுவது. 'பிஸ்ட்' பிரிட்டனில் குடிபோதை, அமெரிக்காவில் கோபம். 'ரூட்' என்ற சொல்லை ஆதரவு தருவது என்ற பொருளில் அமெரிக்கர் தாராளமாகச் சொல்வார்கள், ஆஸ்திரேலியாவில் அது உடலுறவைக் குறிக்கும் கொச்சை.

அமெரிக்கத் தென் மாநிலங்களில் 'ப்ளெஸ் யுவர் ஹார்ட்' என்பது உண்மையான இரக்கமாகவும் இருக்கும், 'பாவம், இவ்வளவுதான் இவருக்குத் தெரியும்' என்ற இளக்காரமாகவும் இருக்கும். குரலைக் கேட்டால்தான் பிரித்தறிய முடியும்.

வசைச்சொற்களைப் பற்றியும் பலர் கேட்கிறார்கள். புரிந்துகொள்ளுங்கள், சொல்லாதீர்கள். 'ப்ளடி' ஆஸ்திரேலியாவில் உப்பு சப்பில்லாத சொல். 2006-இல் அந்நாட்டுச் சுற்றுலா விளம்பரத்திலேயே அதை வைத்தார்கள். பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் அதற்கு முதலில் தடை வந்தது, பிறகுதான் நீங்கியது. தாய்மொழிக்காரர்களுக்கே எல்லை ஊருக்கு ஊர் மாறும்போது, வெளியிலிருந்து வருகிற நாம் அந்தச் சொற்களைச் சொன்னால் நினைத்ததை விடக் கடுமையாகத்தான் விழும்.

சிங்கப்பூரில் பேசுவது தப்பான ஆங்கிலமா? நானும் 'லா' போட்டுப் பேசலாமா?

தப்பான ஆங்கிலம் என்று அரசாங்கமே நெடுநாள் சொல்லிவந்தது. 2000-இல் நல்ல ஆங்கிலம் பேசுங்கள் என்ற இயக்கத்தையும் தொடங்கியது. ஆனால் சிங்லீஷுக்கு உறுதியான ஒழுங்கு உண்டு. 'கேன்?' என்று கேட்டால் 'கேன்' என்றோ 'கேனாட் லா' என்றோ பதில். சீன, மலாய், தமிழ் பேசியவர்கள் ஒரே அடுக்குமாடியில், ஒரே உணவங்காடியில் சேர்ந்து வாழ்ந்து உண்டாக்கிய பேச்சு அது. 'கியாசு' ஹொக்கியன் என்ற சீனக் கிளைமொழியிலிருந்து வந்தது, எதையும் இழந்துவிடக் கூடாது என்ற பதைப்பு. 'ஷியோக்' மலாயிலிருந்து வந்தது, சாப்பாடு அமிர்தமாக இருந்தால் சொல்வது. 'கேட்ச் நோ பால்' என்றால் ஒன்றும் புரியவில்லை, ஹொக்கியன் தொடர் அப்படியே ஆங்கிலத்துக்கு வந்திருக்கிறது. 'ப்ளர் லைக் சொத்தோங்' என்றால் எதுவும் தெரியாமல் விழிப்பது, சொத்தோங் என்பது கணவாய் மீன். உணவங்காடி மேசையில் டிஷ்யூ பாக்கெட் கிடந்தால் அந்த இடத்தை யாரோ 'சோப்' செய்திருக்கிறார்கள், அதாவது தங்களுக்கென்று பிடித்துவைத்திருக்கிறார்கள், உட்காராதீர்கள்.

தமிழும் அதில் இருக்கிறது. வீட்டடியில் இருக்கிற மளிகைக்கடை 'மாமா ஷாப்'. நம் மாமாதான். மலேசியாவின் 'மாமாக்' உணவுக்கடையிலும் அதே மாமா. 'டேய்', 'மச்சா' இரண்டையும் சீன, மலாய் இளைஞர்கள் வாயிலும் கேட்கலாம்.

'லா' தானாக வரட்டும். வந்திறங்கிய அன்றே வலிந்து போட்டால் கேலி செய்வதாகத் தோன்றும். அலுவலகக் கூட்டத்தில் பொது ஆங்கிலமும் சாப்பாட்டு மேசையில் சிங்லீஷும் என்று சிங்கப்பூரர்களே மாறி மாறிப் பேசுவதைக் கவனியுங்கள்.

டொரண்டோவில் இருக்கிறோம். மகன் 'வாக்வான்', 'மேண்டெம்' என்று பேசுகிறான். கெட்ட சகவாசமோ என்று பயமாக இருக்கிறது.

இந்தக் கேள்வியில் இருக்கிற கவலை எனக்குப் புரிகிறது. லண்டன் ஈஸ்ட்ஹாமிலும் ஹாரோவிலும் இருக்கிற தமிழ்ப் பெற்றோரும் இதையே கேட்கிறார்கள். சொற்களின் வழியைத் தெரிந்துகொண்டால் பயம் குறையும்.

'வாக்வான்' ஜமைக்காவின் பேச்சுமொழியில் 'என்ன நடக்குது?'. 'மேண்டெம்' என்றால் நம்ம பசங்க. 1948 ஜூனில் எம்பயர் விண்ட்ரஷ் கப்பல் கரீபியத் தீவுகளிலிருந்து மக்களை இங்கிலாந்தின் டில்பரித் துறைமுகத்துக்குக் கொண்டுவந்தது. அதன்பின் வந்தவர்களின் பேச்சு லண்டன் தெருக்களில் மற்ற குடியேறிகளின் பேச்சோடு கலந்தது. டொரண்டோவுக்கும் ஜமைக்கர்கள் பெருமளவில் வந்தார்கள். 1983-க்குப் பின் இலங்கைத் தமிழர் ஸ்கார்பரோவில் குடியேறியபோது பிள்ளைகள் ஒரே வகுப்பில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். சோமாலிப் பிள்ளைகளும் சேர்ந்தார்கள். உங்கள் மகன் பேசுவது அந்த வகுப்பறையின் மொழி. வேலை நேர்காணலில் அவன் வேறு மாதிரிப் பேசுவான். வீட்டில் தமிழ் பேசுகிறானா என்பதில் அந்த அக்கறையைச் செலுத்துங்கள்.

கனடாவின் பொதுச் சொற்கள் சில உங்களுக்கும் உதவும். ஒரு டாலர் நாணயம் 'லூனி', 1987-இல் வந்தது, அதில் இருக்கிற லூன் பறவையால் அந்தப் பெயர். 1996-இல் வந்த இரண்டு டாலர் 'டூனி'. 'டபுள் டபுள்' என்றால் இரண்டு கிரீம், இரண்டு சர்க்கரை போட்ட காபி. ஒன்டாரியோவில் 'ஹைட்ரோ பில்' என்றால் மின்சாரக் கட்டணம், தண்ணீர் வரி என்று தள்ளிவைத்துவிடாதீர்கள்.

ஆப்பிரிக்க நாடுகளில் வேலை கிடைத்தால்?

தென்னாப்பிரிக்காவில் 'ரோபோ'வில் திரும்பச் சொன்னால் சிக்னலில் திரும்ப வேண்டும். 'ஜஸ்ட் நவ்' என்றால் இப்போதில்லை, அப்புறம் எப்போதாவது. 'நவ் நவ்' என்றால் கொஞ்ச நேரத்தில்.

நைஜீரியாவில் எழுந்து வெளியே போகிறவர் 'ஐம் கமிங்' என்பார். நமக்கு இது உடனே புரியும். நாமும் கிளம்பும்போது 'வர்றேன்' என்றுதானே சொல்கிறோம். நீங்கள் தடுக்கி விழப்போனால் தூரத்தில் நிற்கிறவரும் 'சாரி' என்பார். அவர் எந்தத் தப்பும் செய்யவில்லை, அடடா என்கிறார்.

நம் ஊர் ஆங்கிலத் தொடர்களை அங்கே சொன்னால் சிரிப்பார்களா? எவற்றை விட வேண்டும்?

'கசின் பிரதர்', 'ப்ரீபோன்', 'அவுட் ஆஃப் ஸ்டேஷன்' எல்லாம் நம் வாழ்க்கைக்குத் தேவைப்பட்டு உண்டானவை. ஆங்கிலத்தில் சகலைக்குச் சொல் இல்லாததால் 'கோ-பிரதர்' என்று ஒன்றை உண்டாக்கிக்கொண்டோம். வெட்கப்பட இதில் ஒன்றுமில்லை. 'டூ த நீட்ஃபுல்' பிரிட்டிஷ்காரர்களே எழுதிவந்த தொடர், அவர்கள் கைவிட்டபின்னும் நாம் வைத்திருக்கிறோம்.

பொருள் தவறிப்போகிறவற்றை மட்டும் மாற்றிக்கொண்டால் போதும். 'ஐ பாஸ்ட் அவுட் இன் 2015' என்றால் அந்த ஆண்டில் மயங்கி விழுந்தேன் என்று கேட்கும், 'க்ராஜுவேட்டட்' என்று சொல்லுங்கள். 'ஐ ஹேவ் எ டவுட்' என்றால் நீங்கள் சொல்வதில் எனக்கு நம்பிக்கையில்லை என்று ஒலிக்கும், 'க்வெஸ்சன்' என்று மாற்றுங்கள். மேலாளரிடம் இது பெரிய வித்தியாசத்தை உண்டாக்கும்.

இணையத்தில் தினம் ஒரு புதுச்சொல் வருகிறது. எல்லாவற்றையும் கற்க வேண்டுமா?

தேவையில்லை. 'ரிஸ்' 2023-இல் ஆக்ஸ்ஃபோர்டின் ஆண்டுச் சொல்லானது, வசீகரம் என்று பொருள். இப்படி வருகிறவற்றில் பல சீக்கிரம் மறைந்துவிடும். எது நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. 'ஓகே' 1839-இல் பாஸ்டன் பத்திரிகை ஒன்றில் வேண்டுமென்றே எழுத்துப்பிழையோடு எழுதிய ஒரு நையாண்டிச் சுருக்கமாக அச்சேறியது. அதைப் போன்ற பல சுருக்கங்கள் அதே காலத்தில் வந்து காணாமல் போயின.

ஒன்று மட்டும் மனதில் இருக்கட்டும். 'கூல்', 'வோக்', 'லிட்' முதலிய பல சொற்கள் ஆப்பிரிக்க அமெரிக்கர்களின் பேச்சில் பிறந்தவை. பிறந்த இடத்தை மறைத்து 'இளைஞர் மொழி' என்று பெயர் சூட்டிவிடுகிறார்கள். அவர்களுடைய பேச்சைப் பாவனை செய்து காட்டுவது அவர்களுக்கு வலிக்கும்.

லண்டன் காக்னி எதுகைப் பேச்சைக் கற்பது பயன்தருமா?

அன்றாடத்துக்கு அவ்வளவாக இல்லை. ரசிப்பதற்குக் கட்டாயம் உண்டு. 19-ஆம் நூற்றாண்டில் கிழக்கு லண்டனில் பரவிய வழக்கம் அது. சொல்ல வேண்டிய சொல்லுக்கு எதுகையாக ஒரு தொடரைப் பிடிப்பார்கள், பிறகு எதுகை விழும் பகுதியையே விட்டுவிடுவார்கள். 'லுக்'குக்கு 'புச்சர்ஸ் ஹுக்', அதில் 'ஹுக்' போய் 'ஹேவ் எ புச்சர்ஸ்' என்றால் ஒரு பார்வை பார். 'ஹெட்'டுக்கு 'லோஃப் ஆஃப் ப்ரெட்', அதனால் 'யூஸ் யுவர் லோஃப்' என்றால் மூளையைப் பயன்படுத்து. இந்த இரண்டும் இன்றும் பேச்சில் உண்டு.

சரி, எப்படிப் பழகுவது?

போகப்போகிற ஊர் எதுவோ அந்த ஊரின் உள்ளூர் வானொலியைக் கேளுங்கள். நேயர்கள் அழைத்துப் பேசும் நிகழ்ச்சிகள் சிறந்தவை. வானொலி நிலையத்தில் இருப்பவர் திருத்தமாகப் பேசினாலும் அழைக்கிறவர் வீட்டுப் பேச்சைத்தான் பேசுவார். ஒரு சொல்லைக் குறித்துக்கொள்ளும்போது பொருளை மட்டும் எழுதாதீர்கள். யார், யாரிடம், என்ன மனநிலையில் சொன்னார் என்றும் எழுதுங்கள். அந்த மூன்றும் தெரியாத சொல் உங்கள் வாயில் வர வேண்டாம். ஒரே சொல்லை வேறு வேறு ஆட்கள் பல முறை சொல்லிக் கேட்டபிறகு அது தானாகவே வந்துவிடும்.

பேசிக்கொண்டிருக்கும்போதே புரியாமல் போனால் என்ன செய்வது? சிரித்துத் தலையாட்டிவிடுகிறேன்.

தலையாட்டாதீர்கள். மருத்துவமனையிலும் கட்டுமானத் தளத்திலும் அந்தத் தலையாட்டலை 'புரிந்தது, செய்கிறேன்' என்று எடுத்துக்கொள்வார்கள். 'சாரி, ஐ டோன்ட் நோ தட் ஒன், வாட் டஸ் இட் மீன்?' என்று கேளுங்கள். 'தட் ஒன்' என்பது முக்கியம். எனக்கு ஆங்கிலம் தெரியாது என்பதாக அல்லாமல், இந்த ஒரு சொல் தெரியாது என்பதாக அது போய்ச் சேரும். பெரும்பாலானவர்கள் மகிழ்ச்சியோடு விளக்குவார்கள், தங்கள் ஊர்ச் சொல்லைப் பற்றிப் பேச யாருக்குத்தான் பிடிக்காது. அவசரமான இடமென்றால் நீங்கள் புரிந்துகொண்டதை எளிய சொற்களில் திருப்பிச் சொல்லி, 'இஸ் தட் ரைட்?' என்று கேட்டு, அவர் ஆமாம் என்றபிறகு வேலையைத் தொடங்குங்கள்.